குளிர்காலக் கைவினைச் சந்தை



கனடாவின் டொரண்டோவில் நவம்பர் கடைசியிலேயே குளிர் உறைநிலையைத் தொட்டுவிடும். திறந்தவெளியில் நாள் முழுக்கக் கடை விரித்து நிற்பது எளிதல்ல. அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய கைவினைச் சந்தை அங்கே கூரையின் கீழ் கூடுகிறது. பெயர், 'ஒன் ஆஃப் எ கைண்ட்'. 1975-இல் தொடங்கிய இந்தச் சந்தை, 'எக்சிபிஷன் பிளேஸ்' வளாகத்தில் நடக்கிறது.

நினைத்தவரெல்லாம் இங்கே கடை போட்டுவிட முடியாது. விண்ணப்பித்தவரின் வேலைப்பாட்டைத் தேர்வுக் குழு பார்த்து, ஏற்ற பிறகே இடம் கிடைக்கும். மண்பாண்டம், கண்ணாடி, நெசவு, மரவேலை, நகை என எதை வாங்கினாலும், அதைச் செய்தவரிடமே பேசி வாங்கலாம்.

நீங்கள் போவதானால், முதலில் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். கிண்ணத்தைக் கழுவுவது எப்படி, கம்பளியைத் துவைப்பது எப்படி என்று செய்தவரிடமே கேளுங்கள். வாங்கும் பொருள் நெடுநாள் உழைக்கும். கொடுக்கும் பணமும் இடைத்தரகர் இல்லாமல் உழைத்தவர் கைக்கே போய்ச் சேரும். பண்டிகைக்கால அன்பளிப்பு இப்படி அமைவது எவ்வளவு நல்லது!