கடுகடுத்த முகத்தின் பின்னே

கட்டிலருகே துணைக்கு இருப்போர் பலர் எங்களிடம் தணிந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இவரை எப்படிப் பொறுத்துக்கொள்வது?" திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்தவர்களும், அருப்புக்கோட்டையில் தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் கேட்கிறார்கள். வானம் பார்த்த கரிசல் பூமியில் ஒரு நாள் கூலியை இழப்பது சிறிய செய்தியன்று. அதை இழந்து வந்து அமர்ந்திருக்கும் மகளிடம் தந்தையார் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நோயைவிட நோயாளியே பாரமாகிப் போகும் வேளை அது.

இதைப் பற்றி எண்ணும்போது வேலூரில் நடந்த ஒரு நிகழ்ச்சி எங்கள் நினைவுக்கு வரும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். அவரிடம் வந்த நோயாளிகளுள் ஒருவர் எல்லாருக்கும் தொல்லையாக இருந்தார். திருடினார், உடனிருந்த நோயாளிகளைக் கொடுமைப்படுத்தினார். அவர் முகத்தசைகள் ஒரு பகுதி செயலிழந்திருந்தன. ஆகவே அவர் சிரித்தால் அது சிரிப்பாகத் தெரியவில்லை. பார்த்தவர் அஞ்சி விலகினர். விலகியவர்களைக் கண்டு அவர் இன்னும் கடுமையானார். சிரிப்பதையே விட்டுவிட்டார்.

அவரிடம் சென்று பேசியவர் மருத்துவரின் வயது முதிர்ந்த தாயார் எவலின். அம்மையாரும் எளிதில் வளைந்துகொடுப்பவரல்லர். ஓய்வு கொள்ளுமாறு மிஷன் சொன்ன பின்னரும் மலைக் கிராமங்களை விட்டு இறங்க மறுத்தவர். ஒரு பிடிவாதத்துக்கு மற்றொரு பிடிவாதமே மருந்தாயிற்று போலும்! நாளடைவில் அந்த நோயாளி மனம் மாறி, ஆலயத்துக்குச் செல்ல விரும்பினார். தயங்கியபடியே உள்ளே நுழைந்தவரைக் கண்டு, பின்வரிசையில் இருந்த ஒருவர் முகமலர்ந்து, தம் பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான். ஆண்டுகள் பல கழித்து, தட்டச்சுப் பொறிக்கான நுண்ணிய உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் மிகக் குறைந்த பிழையுடன் வேலை செய்ததற்காக அவர் அகில இந்திய அளவில் பரிசு பெற்றிருந்ததைப் பிராண்ட் கண்டார்.

முகத்தை நம்பி மனத்தை அளக்க முடியாது என்பதை வார்டில் நாங்கள் அன்றாடம் காண்கிறோம். நடுக்குவாதம் முகத்தை இறுக்கிவிடும். அவர் சினந்திருப்பதாகத் தோன்றும். பக்கவாதத்துக்குப் பின் அழுகையும் ஆத்திரமும் கட்டுக்குள் நில்லா. சர்க்கரை நோயாளி திடீரென்று வியர்த்து எரிந்து விழுந்தால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். வாதம் செய்யாமல் செவிலியரை அழையுங்கள். காது மந்தமானவர் கத்துவது கோபத்தாலன்று. குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் நடுக்கமும் குழப்பமும் வெறியும் தோன்றலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

எல்லாக் கடுமைக்கும் நோயே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. இயல்பிலேயே கடினமானவர்களும் உண்டு. அவர்கள்மேல் அன்பு உள்ளத்தில் ஊறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில் அவன் உள்ளம் இரங்கினான் என்ற செய்தி ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. எண்ணெய் வார்த்தது, காயம் கட்டியது, தன் வாகனத்தில் ஏற்றியது, சத்திரத்தில் சேர்த்தது என்று கைவேலைதான் விரிவாகச் சொல்லப்படுகிறது. அடிபட்டுக் கிடந்தவனோ, சமாரியரோடு உறவு கொள்ளாத இனத்தவன்.

அக்கதையில் பலர் கவனியாத ஒன்றும் உண்டு. சமாரியன் மறுநாளே புறப்பட்டுவிட்டான். இரண்டு தெனாரியத்தை, அதாவது இரண்டு நாள் கூலியைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லித் தன் வழியே போனான். அவனை அன்பற்றவன் என்று எவரும் சொன்னதில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்வதும் அன்பின் வேலையே. ஆனால் அடிக்கிற கையைச் சகித்துக்கொண்டிருப்பதை நாங்கள் அன்பென்று கூறமாட்டோம். அத்தகைய நிலை வீட்டில் இருந்தால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியே சொல்லுங்கள்.

இரவு முழுதும் விழித்திருந்தவர்கள் காலையில் ஒருமணி நேரமாவது வெளியே சென்று தேநீர் அருந்தி, குளித்து, உறங்கி வரலாம். புறப்படுமுன் செவிலியரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அந்நேரம் கட்டிலருகே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.