விமானத் தாமதக் கணக்கு: உக்கிராணம் முதல் பந்தி வரை

அமெரிக்காவில் ஒரு விமானம் அட்டவணை நேரத்தைத் தாண்டி 15 நிமிடத்துக்குள் முனையத்தின் வாயிலை அடைந்துவிட்டால் ‘நேரத்துக்கு வந்தது’ என்று பதிவாகும். 15 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் தாமதம். எந்த நிறுவனம் எவ்வளவு தாமதம் என்ற பட்டியல் அங்கே மாதாமாதம் வெளிவருகிறது. அந்தப் பட்டியல் உருவாகும் விதத்தைக் கல்யாண வீட்டுச் சமையற்கட்டோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். சரக்கு வந்து சேர வேண்டும், கல் பொறுக்க வேண்டும், செலவை ஒருவர் ஏற்க வேண்டும், ருசி பார்க்க வேறொருவர் வேண்டும்.

சரக்கு

உக்கிராணத்துக்குச் சரக்கு அனுப்புவது விமான நிறுவனங்கள். விரும்பினால் அனுப்பலாம் என்பதல்ல, சட்டம் கட்டாயப்படுத்துகிறது, தவறினால் அபராதம். 1978 வரை கட்டணத்தையும் வழித்தடத்தையும் சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியமே முடிவு செய்தது. அந்த ஆண்டு கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டம் வந்தது. 1984 முடிவோடு வாரியமும் கலைக்கப்பட்டது. கணக்குக் கேட்கும் அதிகாரம் மட்டும் கலையவில்லை. அது போக்குவரத்துத் துறைக்கு மாறியது. கட்டணத்தை அரசு தீர்மானிக்காத சந்தையில், நடப்பதைத் தெரிந்துகொள்ளக் கணக்கைவிட வேறு வழி ஏது?

எந்தத் தடத்தில் எத்தனை பயணிகள், எத்தனை இருக்கைகள் என்பது மாதந்தோறும் வரும். பெரிய நிறுவனங்களின் வரவுசெலவு காலாண்டுக்கு ஒருமுறை வரும். கட்டணங்களை அறிய, பல ஆண்டுகளாகப் பத்தில் ஒரு டிக்கெட் மாதிரியாக எடுக்கப்பட்டது. நேரக் கணக்கு 1987-இல் தொடங்கியது. தாமதத்துக்கான காரணத்தையும் 2003 முதல் சொல்ல வேண்டும்: நிறுவனத்தின் குறை, கடும் வானிலை, வான்போக்குவரத்து நெரிசல், முந்தைய பயணத்திலிருந்து விமானமே தாமதமாக வந்தது, பாதுகாப்புச் சோதனை.

கல் பொறுக்குதல்

வந்த சரக்கைப் புடைத்துச் சுத்தம் செய்வது போக்குவரத்துப் புள்ளிவிவரப் பணியகம். போக்குவரத்துத் துறைக்குள் 1991 சட்டத்தால் உருவான அமைப்பு இது. புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஒரு விமானத்தின் பதிவு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொறுக்குவதற்குக் கடினமான கல் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அட்டவணையில் இரண்டரை மணி நேரம் போட்டுவிட்டால், மெதுவாகப் போனாலும் ‘நேரத்துக்கு வந்தது’ ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க முடிகிறதென்றால், சக்கரம் தரையை விட்ட நேரமும் மீண்டும் தொட்ட நேரமும் தனித்தனியே பதிவாவதால்தான். தாமதம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் வாங்கியிருந்தால் இந்தத் தந்திரம் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

செலவு யாருடையது?

இங்கேதான் பலரும் அறியாத செய்தி இருக்கிறது. விமானக் கணக்கையும் தயாரிக்கும் இந்தப் பணியகத்துக்குப் பணம் வருவது நெடுஞ்சாலை நிதியத்திலிருந்து. அதாவது காருக்குப் பெட்ரோல் போடுபவர் ஒரு காலனுக்குக் கட்டும் 18.4 சென்ட் மத்திய வரியிலிருந்து. விமான டிக்கெட் மீது விதிக்கப்படும் 7.5 சதவீத வரி விமான நிலைய நிதியத்துக்குப் போகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. 2005 சட்டம் பணியகத்துக்கு ஆண்டுக்கு 2.7 கோடி டாலர் ஒதுக்கியது. பத்தாண்டு கழித்து, 2015 சட்டம் ஒதுக்கியது 2.6 கோடி. விலைவாசி ஏறியிருக்க, தொகை இறங்கியது. பந்திக்கு ஆள் கூடும்போது மளிகைப் பணத்தைக் குறைத்தால், முதலில் விட்டுப்போவது கல் பொறுக்கும் வேலைதான். சாப்பிடும்வரை அது யாருக்கும் தெரியாது.

ருசி பார்ப்பவர்கள்

நிறுவனங்களிடம் புதிய படிவம் கேட்பதென்றால், அதன் சுமை நியாயமானதா என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் ஆராய்ந்து அனுமதி தர வேண்டும். பொதுமக்களும் கருத்துச் சொல்லலாம். துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்காகப் பணியாற்றும் தணிக்கை அலுவலகமும் வேலையைப் பரிசோதிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது: புள்ளிவிவர அறிக்கையை வெளியிட, பணியகத்தின் இயக்குநர் துறையின் வேறு எந்த அதிகாரியின் ஒப்புதலையும் பெற வேண்டியதில்லை. அமைச்சருக்குப் பிடிக்காத எண்ணும் வெளியே வரும்.

தாமதத்தின் காரணத்தை எழுதித் தருவது நிறுவனமே என்பதால், இந்தக் கண்காணிப்பு அலங்காரமல்ல, அவசியம். இரு நிறுவனங்கள் இணைவதால் கட்டணம் ஏறுமா, சிற்றூர் விமானச் சேவைக்கு எவ்வளவு மானியம் தருவது என்பதெல்லாம் இந்த எண்களை வைத்தே விவாதிக்கப்படுகிறது. ஆகவே டிக்கெட் வரியிலிருந்து ஒரு சிறு பங்கு இந்தக் கணக்குக்கு நிலையாக வர வேண்டும். அது விலைவாசியோடு சேர்ந்து உயரவும் வேண்டும். பறப்பவர் கட்டும் வரியில், பறப்பவரை ஏமாறாமல் காக்கும் கணக்குக்கு இடமில்லை என்பது எந்த வகையிலும் நியாயமில்லை.