தோல் பழுப்பாக்கும் படுக்கையின் நேரச் சொடுக்கி

தோல் பழுப்பாக்கும் படுக்கை என்பது புறஊதாக் கதிர்களை வெளியிடும் குழல் விளக்குகளைக் கொண்டு தோலின் நிறத்தைக் கருமையாக்கும் மின்கருவி ஆகும். இது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலானது. குறித்த நேரம் முடிந்ததும் இவ்விளக்குகளை அணைக்கும் உறுப்பு நேரச் சொடுக்கி (டைமர்) எனப்படும்.

முக்கியத்துவம்

தோல் பெறும் கதிரளவு என்பது கதிரின் செறிவையும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பதாகும். தோலைச் சிவக்கச் செய்யும் திறனைக் கொண்டு கணக்கிடப்படும் செறிவு, சதுர மீட்டருக்கு 0.3 வாட்டுக்கு மேற்படக்கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. இச்செறிவில் 20 நிமிடங்களில் 360 ஜூலும், 30 நிமிடங்களில் 540 ஜூலும் ஒரு சதுர மீட்டரில் படும். தோல் சிவப்பது சில மணி நேரம் கழித்தே தெரிவதால், சொடுக்கி பழுதானதைப் படுத்திருப்பவர் உடனே உணர இயலாது. 2009இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை எனும் முதல் வகையில் சேர்த்தது.

அமெரிக்க விதிகளின்படி, சொடுக்கியின் பிழை அதன் உச்ச நேரத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 20 நிமிடச் சொடுக்கிக்கு இது 2 நிமிடம். நேரம் முடிந்து அணைந்த விளக்குகள் தாமாக மீண்டும் எரியவும் கூடாது.

பழுதுகள்

பழைய கருவிகளில் சுருள்வில்லால் இயங்கும் சொடுக்கியும், புதியவற்றில் மின்னணுச் சொடுக்கியும் உள்ளன. முன்னதில் வில் தளர்தல், பற்சக்கரம் சிக்குதல், மின்தொடுகைகள் கருகுதல் அல்லது உருகி ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை ஏற்படலாம்.

பழுதைக் கண்டறிதல்

1. படுக்கையில் எவரும் இல்லாதபோது, மூடியை மூடி, வெவ்வேறு நேரங்களை வைத்து நிறுத்துக் கடிகாரத்துடன் ஒப்பிட வேண்டும்.
2. குமிழ் பூச்சியத்தை அடையாமல் நின்றால் பழுது வில்லிலோ பற்சக்கரத்திலோ உள்ளது.
3. பூச்சியத்தை அடைந்தும் விளக்குகள் எரிந்தால், மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, மின்தேக்கிகளில் மின்னேற்றம் இல்லை என உறுதிசெய்தபின், சொடுக்கியின் கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். பூச்சிய நிலையிலும் மின்தொடர்ச்சி காட்டினால் சொடுக்கியே பழுது. காட்டாவிடில், அது இயக்கும் ரிலே அல்லது கான்டாக்டர் ஒட்டியிருக்கக்கூடும்.
4. விளக்குகள் எரியவே இல்லையெனில், நேரம் வைத்த நிலையில் இதே சோதனையைச் செய்யலாம். மின்தொடர்ச்சி இல்லையெனில் தொடுகைகள் கருகியிருக்கும்.

திறந்து செய்யும் சோதனைகளைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

மாற்றுதல்

புதிய சொடுக்கி அதே மின்னழுத்தமும் மின்னோட்டத் திறனும் உச்ச நேரமும் கொண்டிருத்தல் வேண்டும். 20 நிமிடச் சொடுக்கிக்குப் பதிலாக 30 நிமிடச் சொடுக்கி பொருத்தினால் கருவி பழுதின்றி இயங்கும். ஆனால் கதிரளவு ஒன்றரை மடங்காகக்கூடும். சொடுக்கியைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுப்பதும், கைக்கடிகாரத்தை நம்பி இயக்குவதும் ஆபத்தானவை.