அந்தி வெளிச்சமும் ஆடுகளத்துப் பந்தும்

பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரையில் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் வீடுகள் நெருக்கமாக எழும்பிவிட்ட இந்நாளிலும், எஞ்சி நிற்கும் மைதானங்களில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பிள்ளைகள் பந்தோடு இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய ஆட்டத்தைப் படமெடுக்க ஆசைப்பட்டு வரும் தந்தையோ தமையனோ, கையில் உயர்ந்த காமிரா இருந்தும், வீட்டிற்குப் போய்ப் பார்க்கையில் பந்து ஒரு வெண்கீற்றாகவும் பிள்ளையின் கால் புகைமூட்டமாகவும் பதிந்திருக்கக் கண்டு மனம் சோர்வதுண்டு. அதற்காகச் சாதனத்தைப் பழிப்பது நியாயமன்று. ஒளியும் காலமும் ஒன்றோடொன்று பிணைந்து நடத்தும் கணக்கொன்று இதில் இருக்கிறது. அதை அறிந்தவருக்கு எளிய காமிராவும் நன்றாகவே உழைக்கும்.

நன்கு உதைக்கப்பட்ட பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், அது வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. ஷட்டர் ஒரு வினாடியின் 250-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் பந்து 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே சுமார் 22 சென்டிமீட்டர்தான் என்பதால், அது உருக்குலைந்தே பதியும். 1000-இல் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 2 சென்டிமீட்டராகச் சுருங்கி, பந்தின் தையல்கூடத் தெளியத் தொடங்கும்.

ஆனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்போது உள்ளே வரும் ஒளியும் அதே விகிதத்தில் குறைகிறது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு. நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குக் கொட்டும் வெளிச்சம், சூரியாஸ்தமன வேளையில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. சென்னை வட்டாரத்தில் நவம்பர் இறுதியில் ஐந்தே முக்காலுக்கு முன்னரே சூரியன் மறைகிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அணித்தே இருப்பதால் அவன் ஏறக்குறைய நேர்குத்தாகக் கீழிறங்க, அந்தியும் நீடிப்பதில்லை. ஆகவே நாலரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் முதற்பாதிக்குப் பொருத்தமாக இருந்த அமைப்பு இரண்டாம் பாதிக்கு உதவாது. லென்ஸின் துவாரத்தை இயன்ற மட்டும் அகலத் திறந்து, ஷட்டரை 1000-இல் ஒரு பங்கில் நிறுத்தி, ஒளி குறையக் குறைய, காமிராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 400, 800, 1600 என்று உயர்த்திக்கொண்டே போவதுதான் வழி. படத்தில் சிறிது மணற்புள்ளி தோன்றினாலும் பொறுத்துக்கொள்ளலாம். கலைந்துபோன முகத்தைப் பின்னர் எவ்வுபாயத்தாலும் மீட்க இயலாது.

துவாரத்தை அகலத் திறப்பதற்கும் ஒரு விலை உண்டு. 300 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2.8 என்னும் அகன்ற துவாரத்தில் வைத்து 20 மீட்டர் தொலைவிலுள்ள ஆட்டக்காரனை நோக்கினால், கூர்மையாகத் தெரியும் ஆழம் முக்கால் மீட்டரே. பந்தைத் துரத்துவதை விட்டு ஆட்டக்காரனின் மார்பின்மீது கவனத்தைப் பொருத்தித் தொடர்வதே உசிதம். பந்து தானாக அவனிடம் வந்து சேரும். கோல் கோட்டிற்கு வெளியே ஒரு மூலையில் மண்டியிட்டு அமர்வது என் மதிப்பில் சிறந்த இடம். அங்கே ஆட்டக்காரர்கள் முகம் காட்டி ஓடிவருவார்கள். தாழ்ந்த கோணத்தில் வானம் பின்னணியாகிவிட, மைதானத்தைச் சுற்றி நிற்கும் இருசக்கர வாகனங்களும் மின்கம்பங்களும் பெரும்பாலும் மறைந்துபோகும்.

எனினும் மிகப் பெரிய தடை நம் உடம்பிலேயே உள்ளது. கண் கண்டதை விரல் செயலாக்குவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் நாம் கணக்கிட்ட பந்து 4 மீட்டர் கடந்துவிடும். காலும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதோ வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன், மின்னற்பொழுதே எரியும் விளக்கின் துணையால், அமெரிக்கக் கால்பந்தை உதைக்கும் கால் அதனுள் ஆழப் புதைந்திருப்பதைப் படமாக்கிக் காட்டினார். அதுவரை மனிதக் கண் அறியாத காட்சி அது. வினாடிக்குப் பத்துப் படங்களைத் தொடர்ந்து எடுக்கும் காமிராவை நம்பினாலும், அந்தத் தொடுகை அகப்படப் பத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆதலால் உதையைக் கண்டபின் அழுத்தாமல், ஊன்றுகால் பந்தருகே பதிந்து, தோள் பின்வாங்கி, பார்வை தாழும் அந்த முன்னறிகுறியைக் கண்டவுடனே அழுத்தவேண்டும். ஆட்டத்தை ஆடியறிந்தவர்கள் இத்துறையில் சிறந்து விளங்குவது இதனால்தான்.

இரவு ஆட்டங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டதாகையால், பழைய வகைக் கம்ப விளக்குகள் வினாடிக்கு நூறு முறை ஒளிர்ந்து மங்குகின்றன; 1000-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கும் படங்கள் ஒன்று வெளிர்ந்தும் அடுத்தது மங்கியும், சில வேளை நிறமே மாறியும் வருவது அதனால்தான். அண்மைக்காலக் காமிராக்கள் சிலவற்றில் இத்துடிப்பை உணர்ந்து, ஒளி உச்சத்திலிருக்கும் தருணத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதி உண்டு. அது இல்லாதவர் வேகத்தை 60-இல் ஒரு பங்குக்கு இறக்கி, பக்கவாட்டில் ஓடும் ஒருவனோடு காமிராவையும் சீராகத் திருப்பிச் சென்றால், பின்னணி முழுவதும் கோடுகளாக இழுபட, ஓடுபவனின் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். இடுப்பிலிருந்து உடலைத் திருப்பவேண்டும். அழுத்திய பின்னும் திருப்பத்தை நிறுத்தலாகாது.