கிண்ணக் கீல்

கிண்ணக் கீல் என்பது அலமாரிக் கதவுகளில் வெளியே தெரியாதபடி பொருத்தப்படும் ஒரு கீல் வகை ஆகும். இந்தியக் கடைகளில் ‘ஆட்டோ ஹிஞ்ச்’ என்ற பெயரில் கிடைக்கிறது. பொதுவாக, கதவின் உட்புறத்தில் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியில் இதன் கிண்ணம் அமர்கிறது. இதன் கை, பக்கப் பலகையில் உள்ள தகட்டில் பொருந்துகிறது.

சரியாக மூடாத கதவின் விளிம்பை உடனே சீவிவிடுவது வீண் சேதம்; பெரும்பாலும் திருப்புளி ஒன்றே போதும். கையின் முன்பக்கத் திருகாணி கதவை இடவலமாக நகர்த்தும். பின்பக்கத் திருகாணி முன்பின்னாகவும், தகட்டின் திருகாணிகள் மேல்கீழாகவும் நகர்த்த உதவும். கைப்பிடிப் பக்கம் தாழ்ந்த கதவை நிமிர்த்த, மேல் கீலில் கதவைக் கீல் பக்கமாகவும், கீழ்க் கீலில் எதிர்ப்பக்கமாகவும் சிறிது நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று திருப்பி, கதவை மூடிப் பார்ப்பது நன்று. மூடிய கதவு தானே திறந்துகொண்டால், அதன் கீல் பக்க விளிம்பு பலகையில் முட்டக்கூடும். அப்போது இரு கீல்களின் பின்பக்கத் திருகாணிகளையும் தளர்த்தி, கதவை ஓரிரு மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்க வேண்டும்.

திருகாணி இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் பழுது கீலில் இல்லை, பலகையில் உள்ளது. மரத்துகள் பலகைகளில் இது அடிக்கடி நேரும். மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் நிரப்பி, நன்கு உலர்ந்தபின் திருகாணியை முடுக்கலாம். நீரில் ஊறி உப்பிய பலகைக்கு இம்முறை உதவாது. அப்பலகையையே மாற்ற வேண்டும்.