பாலத்தில் நின்ற பிரயாணி

எங்கள் ஓட்டமாவடிக்கு உல்லாசப் பிரயாணிகள் வருவதில்லை; ஓட்டமாவடி வழியாகப் போகிறார்கள். பொலன்னறுவையிலிருந்து பாசிக்குடாக் கடலை நாடி வருவோர் இங்கே பாலத்தைத் தாண்டி வாழைச்சேனையை அடைகின்றனர். முன்னாளில் புகையிரதமும் மோட்டார் வண்டிகளும் ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொண்டன. புகையிரதம் வரும் வேளையில் பஸ்கள் காத்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் பிரயாணி வாவியைப் பார்த்தார். வாவிக்கரை மனிதரையும் பார்த்தார். இப்போது சாலைக்கெனத் தனிப்பாலம் உண்டு. ஊருக்கு அது நன்மையே. ஆயினும், பார்க்கும் அந்த இடைவேளை போயிற்று.

பிரயாணியின் அனுபவம் வழிநெடுக மாறுவதை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். 1966இல் கிளாசன், நெட்ச் என்னும் பொருளியலாளர் இருவர் தமது நூலில் பயணத்தை ஐந்து கட்டங்களாகப் பகுத்தனர்: எதிர்பார்ப்பு, செல்லும் வழி, சேர்ந்த இடம், திரும்பும் வழி, நினைவு. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, நெதர்லாந்து மக்கள் 1,530 பேரை ஆராய்ந்தது. விடுமுறைக்குச் செல்வோர் புறப்படுமுன்னரே மற்றவரைவிட மகிழ்ந்திருந்தனர். திரும்பியபின், மிகுந்த ஓய்வு பெற்றோரைத் தவிர, ஏனையோரிடம் வேறுபாடு காணப்படவில்லை. இன்பத்தின் பெரும்பங்கு எதிர்பார்ப்பிலேயே கழிந்துவிடுகிறது போலும்!

இதை நான் ஒரு தேநீர்க் கடையிலே கண்டேன். கடலுக்குச் செல்லும்போது ஒரு வெளிநாட்டவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "இன்னும் எவ்வளவு தூரம்?" மூன்றாம் நாள் அவரே திரும்பி வந்தார். இம்முறை தூரத்தைக் கேட்கவில்லை. வாவியில் என்ன மீன் பிடிக்கிறார்கள், போர்க்காலத்தில் நீங்கள் எங்கிருந்தீர்கள் என்று கேட்டார். அமர்ந்து, சொன்னதைக் கேட்டார். ஊர் மாறவில்லை, மூன்று நாட்களில் அவர் மாறியிருந்தார்.

2009இல் போர் ஓய்ந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்தன. விடுதி வாயிலில் "மகிழ்ந்தீர்களா?" என்று கேட்டால் ஐந்தில் ஒரு கட்டமே விடையாகக் கிடைக்கும். வழியிலுள்ள ஊர்கள் அக்கணக்கில் இடம்பெறா. கணக்கில் இல்லாத ஊருக்குப் பயனும் வந்து சேராது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவரைக் கொண்டு ஒரே பிரயாணியிடம் ஒரே கேள்வியை இருமுறை கேட்கச் செய்யுங்கள், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. இரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே அவர் பெற்ற அனுபவம். அதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.