வாரத்துக்கு ஒரு கிரிவலம்

தீபாவளிப் பலகாரம் டப்பாவில் தீர்வதற்குள் கார்த்திகை வந்துவிடுகிறது. தீபத்துக்குப் பொரி உருண்டை, அப்பம், அடை. மார்கழியில் நெய் மணக்கும் வெண்பொங்கல். தை பிறந்தால் சர்க்கரைப் பொங்கல், கரும்பு. திருவூடல் திருவிழா முடிகிற வரைக்கும் எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் வாய்க்கு ஓய்வே கிடையாது. இதில் எதையும் விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, விடவும் வேண்டியதில்லை. எவ்வளவு, எப்போது என்பதில் கவனம் இருந்தால் போதும்.

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலையில் சாலையோரம் நின்று பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதியைத் தாண்டிய இடம் எங்கள் ஊர். வருண லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இங்கே வரும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, "சாப்டுட்டுப் போங்கம்மா" என்று ஒரு தொன்னை நீளும். ஆவி பறக்கும் பொங்கல், மேலே நெய் மினுமினுப்பு, ஓரத்தில் இரண்டு முழு மிளகு. வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அடுத்த பந்தலில் கேசரி, அதற்கடுத்ததில் சாம்பார் சாதம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் மலையை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 600 முதல் 700 கலோரி செலவாகும். இரண்டு தொன்னை நெய்ப் பொங்கலும் கொஞ்சம் கேசரியும் சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வந்துவிடும். "இவ்வளவு தூரம் நடந்தோமே, சாப்பிட்டால் என்ன?" என்ற நினைப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அன்னதானத்தை மறுக்க வேண்டாம், வாங்கி வீணாக்கவும் வேண்டாம். "அண்ணே, அரைக் கரண்டி போதும்ணே" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு தொன்னையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். அன்னதானம் செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சுண்டல், நீர்மோர், வாழைப்பழம், வேகவைத்த மல்லாட்டை (நிலக்கடலை) ஆகியவற்றையும் கொடுங்கள். மல்லாட்டை எங்கள் மாவட்டத்து மண்ணில் விளைவது. புரதமும் நார்ச்சத்தும் உள்ளதால் ஒரு கைப்பிடி தின்றாலே பசி நெடுநேரம் அடங்கியிருக்கும். ஜவ்வாது மலைச் சாமையிலும் பொங்கல் நன்றாக வரும். சாமைதானே என்று நெய்யை அள்ளி ஊற்றினால் மட்டும் பலன் போய்விடும்.

வெல்லத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது" என்று சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கும் பொரி உருண்டையை எடுத்துக் கொடுக்கிறோம். இரத்தத்தில் கலந்த பிறகு வெல்லமும் சர்க்கரைதான். சேர்த்துக்கொள்ளும் இனிப்பு நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாகு சேர்க்காத நெல்பொரியை உருண்டை பிடிக்காமல், தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் கலந்து கொடுத்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் வீட்டுப் பந்தியிலும் அவர்களில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இனி நடை. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 14 கிலோமீட்டர் நடக்க 168 நிமிடம் ஆகும். ஆக, வாரத்துக்கு ஒரு கிரிவலத் தூரம் நடந்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது. அதை ஒரே இரவில் நடக்க வேண்டியதில்லை. தினமும் 2 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம் போதும். விருந்து சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நடந்தால் இன்னும் நல்லது. வேலை செய்யும் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், சாப்பிட்டவுடன் ஏறும் அளவு குறைகிறது. பந்தி முடிந்து பாய் விரிக்கும் நேரத்தில், "வாங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று வீட்டாரைக் கிளப்புங்கள்.

தீபத்தன்று பகல் முழுதும் விரதமிருந்து, மலைமேல் தீபம் பார்த்த பிறகு சாப்பிடுவது பல வீடுகளில் வழக்கம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் நடக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். அப்போது விரதத்தைப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையை உடனே வாயில் போட்டு, உட்கார்ந்துவிடுங்கள்.

வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவது நல்லது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் குத்தியதும் தெரியாது, தார்ச்சாலைச் சூடும் தெரியாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் வலி தீரச் சுடுதண்ணீரில் காலை வைப்பதும் அவர்களுக்கு ஆபத்து, வெந்துபோனாலும் உணர மாட்டார்கள். சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, பிள்ளைகளை விட்டு உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளமோ கீறலோ தென்பட்டால் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.